தக்லாவுக்கு இரண்டு ஆளுநர்கள்

ஒஸ்லோவில் வெயில் எறித்தால் ஆட்கள் சட்டையைக் கழற்றிவிட்டுப் புல்லில் படுத்துவிடுவார்கள் என்று எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. வந்த மறுநாள் காலை, ஸ்டோவ்னரில் மருமகள் ராஜியின் வீட்டு ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். அடுக்குமாடிகளுக்கு நடுவே இருந்த புல்வெளியில் வெள்ளைக்காரர் பலர் அசையாமல் கிடந்தார்கள்.

"பிள்ளை, கீழே ஏதோ நடந்துபோச்சு, ஓடி வா!" என்று கத்தினேன்.

ராஜி அகப்பையோடு ஓடி வந்து பார்த்தாள். "ஒண்டும் நடக்கேல்லை மாமா. அவையள் வெயில் காயினம்."

யாழ்ப்பாணத்தில் நாங்கள் வெயிலுக்கு ஒளித்து வாழ்ந்தவர்கள். இங்கே வெயில் கந்தோரில் இருக்கும் அரசாங்க உத்தியோகத்தரைப் போல. ஆள் கதிரையில் இருக்கும்போதே பிடித்துக்கொள்ள வேண்டும், பிறகு எப்போது வருவார் என்று தெரியாது. நானும் மத்தியானம் கீழே போய், சட்டையைக் கழற்றாமல், ஒரு வாங்கில் குந்தினேன். பக்கத்தில் கிடந்தவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். எனக்கு என்னவோ காரணமில்லாமல் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு பயணம் முழுக்க என்னை விடவில்லை, அழ வேண்டிய நேரத்தில்கூட.

அழ வேண்டிய நேரம் ஒன்று இருந்தது. அதை மறைக்காமல் எழுதுவதற்குத்தான் இதைத் தொடங்கினேன். என் வாயால் ஒரு கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது.

ராஜி என் தங்கையின் மகள். அவளுடைய ஒரே பெண் அபிராவுக்குக் கல்யாணம். நோர்வேச் சட்டப்படி, மணமக்கள் சம்மதம் சொல்லும்போது இரண்டு சாட்சிகள் பக்கத்தில் நின்று கண்ணால் காணவும் காதால் கேட்கவும் வேண்டும். பெண் பக்கத்துச் சாட்சியாக என்னைத்தான் நிறுத்துவேன் என்று ராஜி பிடிவாதம் பிடித்து அழைப்பித்திருந்தாள். எனக்கு எண்பதைத் தொடப்போகும் வயது. வாழ்நாள் முழுக்கப் புவியியல் படிப்பித்தவன். சாட்சிக்கு நிற்க என்ன தகுதி என்று கேட்டால், கண்ணும் காதும் இன்னும் வேலை செய்கின்றன என்பதுதான்.

மாப்பிள்ளையின் பெயர் சலேக். மேற்குச் சகாரா என்ற பாலைவனக் கரையைச் சேர்ந்த குடும்பம். அகதி முகாமில் பிறந்து, படிக்க வந்து, இப்போது ஒஸ்லோவில் லிப்ட் திருத்துகிறான். அபிரா இரண்டு மாடிகளுக்கு நடுவில் லிப்டில் அகப்பட்டுக்கொண்ட ஒரு நாள், இவன் மேலே இருந்து கதவிடுக்கால் ஆறுதல் சொல்லியிருக்கிறான். திருத்துவதற்கு வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் எடுத்தான் என்பது ராஜியின் கணவர் ராசனின் முறைப்பாடு. ராசன் டிராம் ஓட்டுகிறவர். நேரம் பிந்துவது அவருக்குப் பிடிக்காது.

முதல் சில நாட்கள் சாப்பாட்டிலேயே போயின. நோர்வேக்காரர் மண்ணிறச் சீஸ் கட்டி ஒன்றைச் சீவலாகச் சீவிப் பாணில் வைத்துத் தின்கிறார்கள். பார்வைக்குச் சலவைச் சவர்க்காரம். வாயில் வைத்தால் அடிப்பிடித்த பால்கோவா. முதல் துண்டை மரியாதைக்குத் தின்றேன், இரண்டாவதை ஆசையாகத் தின்றேன், மூன்றாவதை ராஜி காணாமல் தின்றேன். பிறகு ராஜி அந்த நாட்டுக் கொட் மீனைப் போட்டு, ஊரிலிருந்து வந்த பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சினாள். மீன் எந்தச் சண்டையும் இல்லாமல் கூழோடு சேர்ந்துவிட்டது.

ஒருநாள் ராஜியோடு நகரத்துக்குப் போய்த் திரும்பும்போது, சுரங்க ரெயிலில் நான் ஏறக் கதவு மூடிவிட்டது. அவள் மேடையில் கையை ஆட்டிக்கொண்டு நின்றாள். அது ஸ்டோவ்னர் போகும் வண்டியும் அல்ல. ஒவ்வொரு தரிப்பிலும் வாசிக்க முடியாத பெயர்கள் வந்தன. "முருகா" என்று வாய்விட்டுச் சொன்னேன். முன் இருக்கையில் கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"ஐயா, எங்கை போறியள்?"

"ஸ்டோவ்னருக்குத் தம்பி."

"அப்ப எதிர்த்திசையிலை நல்லாப் போறியள். வாங்கோ, இறங்குவம்."

அவர் திருகோணமலைக்காரர். என்னைச் சரியான வண்டியில் ஏற்றிவிடும் வரைக்கும் நாங்கள் கதைத்தது ஒரே விஷயம்: ஊரில் எவடம், எந்த வீதி, கோயிலுக்குக் கிழக்கா மேற்கா. எங்கள் ஆட்களுக்கு ஒரு மனிதனை வரைபடத்தில் ஓரிடத்தில் குத்திவைத்தால்தான் நிம்மதி. பெயரைக்கூட நான் கேட்கவில்லை. வீட்டு வாசலில் நின்ற மாமரம் வரை தெரிந்துகொண்டேன்.

இந்த வழக்கம்தான் என்னைக் கவிழ்த்தது.

ஞாயிற்றுக்கிழமை ட்வெய்ட்டாவில் ஒரு மண்டபத்தில் இரண்டு வீட்டாரும் சந்திக்கும் விருந்து. எங்கள் பக்கம் மண்டபம் நிறைய ஆட்கள். மாப்பிள்ளை பக்கம் சலேக்கும் அவனுடைய தாய்மாமன் எம்பாரக்கும் மட்டும். எம்பாரக் என் வயதை ஒட்டியவர். நெடிய உருவம், நரைத்த மீசை, கோட்டுக்கு மேலால் நீல அங்கி. தகப்பன் இல்லாத சலேக்கை வளர்த்தவர் அவர்தான். மாப்பிள்ளை பக்கத்துச் சாட்சியும் அவர்தான்.

நான் சலேக்கைக் கண்டதும் வழக்கம்போலக் கேட்டேன். "தம்பி எவடம்?"

அபிரா அதை நோர்வே மொழியில் சொன்னாள். "தக்லா," என்றான் அவன்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நான் சிறுவனாக இருந்தபோது பார்த்த தேசப்படத்தில் அந்த ஊருக்கு வில்லா சிஸ்னெரோஸ் என்று பெயர், ஸ்பானியச் சகாராவில். அத்திலாந்திக் கடலுக்குள் விரல் நீட்டினதுபோல ஒரு மெல்லிய நிலம். ஒரு பக்கம் சமுத்திரம், மறுபக்கம் அமைதியான குடா, பின்னால் மணல். எத்தனை வகுப்புகளில் அதைக் கரும்பலகையில் கீறியிருக்கிறேன்! அந்த விரலின் பிள்ளை என் முன்னால் நின்று வடை தின்கிறான்.

நிகழ்ச்சியைக் கொண்டு நடத்தியவர் கார்த்திக் என்ற கோயம்புத்தூர்ப் பொடியன், ராசனோடு பூப்பந்து ஆடுகிறவர். மைக்கைக் கொண்டுவந்து நீட்டினார். "சார், மாப்ள சைடு இன்ட்ரோ நீங்கதான் குடுக்கணும். ரெண்டு நிமிஷம் போதும் சார்."

நான் இரண்டு நிமிடத்தில் எதையும் சொல்லி முடித்தவன் அல்லன். கடலைச் சொன்னேன், குடாவைச் சொன்னேன், காற்றைச் சொன்னேன். ஆட்கள் கை தட்டினார்கள். கைதட்டல் எனக்கு மண்டைக்கு ஏறியது. "மொரோக்கோ நாட்டின் தென்கோடி மாகாணமாகிய தக்லாவின் மைந்தனை, மொரோக்கோ மாப்பிள்ளையை, யாழ்ப்பாணம் வரவேற்கிறது!" என்று முடித்தேன்.

அபிரா எனக்குப் பக்கத்தில் நின்று வரிக்கு வரி நோர்வே மொழியில் சொல்லிக்கொண்டு வந்தவள், கடைசி வரியில் வாயை மூடிக்கொண்டாள். பிரயோசனம் இல்லை. மொரோக்கோ என்ற பெயர் நோர்வே மொழியிலும் அதேதான்.

எம்பாரக் கையில் இருந்த வடையைத் தட்டில் வைத்தார். கடதாசியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். எழுந்து சலேக்கிடம் ஏதோ சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். சலேக் பின்னால் ஓடினான். கொஞ்ச நேரத்தில் தனியே திரும்பி வந்தான்.

"தாத்தா, என்ன சொல்லிப் போட்டியள்?" என்றாள் அபிரா. அவள் முகம் வெளுத்திருந்தது. "அவையின்ரை ஊரை ஆர் எடுத்தவையோ, அவையின்ரை பேரைச் சொல்லியல்லோ கூப்பிட்டனீங்கள்."

விஷயம் இதுதான். ஸ்பெயின் அந்தப் பாலைவனக் கரையை விட்டுப் போய் அரை நூற்றாண்டு ஆகிறது. கடல் பக்கத்தின் பெரும்பகுதியை மொரோக்கோ தன் மாகாணங்களாக ஆள்கிறது. நடுவில் நீண்டதொரு மணல் சுவர். சுவருக்குக் கிழக்கே இருப்பதைச் சகாராவிகளின் விடுதலை அமைப்பு தன்னுடையது என்கிறது. முழுவதுமே தங்கள் நாடு என்றும் சொல்கிறது. ஐக்கிய நாடுகள் சபையோ, இன்னும் முடிவாகாத நிலம் என்று எழுதி வைத்திருக்கிறது. மக்களில் ஒரு பகுதி கரையில், ஒரு பகுதி அல்ஜீரியாவின் பாலைவன முகாம்களில்.

இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. இங்கே நான் பொய் சொல்லக்கூடாது. ஒழுங்கான எந்தத் தேசப்படத்திலும் அந்த எல்லை புள்ளிக்கோடாகத்தான் இருக்கும். அந்தப் புள்ளிக்கோடு மைக்கைப் பிடித்தபோது என் கண்ணுக்கு முன்னால் வந்தது. அதைச் சொன்னால் பேச்சின் ஓட்டம் கெட்டுவிடும் என்று விட்டுவிட்டேன். கைதட்டலுக்காக ஒருவனுடைய ஊரைத் தூக்கி மற்றவன் மடியில் வைத்தேன்.

நான் செய்திருக்கவே கூடாது, அதிலும் நான். வலிகாமம் வடக்கின் கடலோரத்தில் இருந்த எங்கள் பள்ளிக்கூடம் இராணுவ வலயத்துக்குள் போனபின், ஏறத்தாழ இருபத்தைந்து வருடம் வேறு ஊரில், வேறொரு பள்ளியின் பின்வளவுக் கொட்டிலில் நடந்தது. பெயர்ப்பலகையில் பழைய ஊரின் பெயர். கிராம அலுவலரும் அப்படித்தான், ஊர் இல்லாத ஊருக்கு அலுவலர். அந்தக் கொட்டிலில் நின்று கடற்கரை நிலவுருவங்கள் படிப்பித்தவன் நான்.

அன்று பின்னேரம் சலேக் வீட்டுக்கு வந்தான். செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்தான். அவனுக்கு அபிரா கற்றுக்கொடுத்த தமிழில், "தாத்தா, சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டான். பிறகு நோர்வே மொழிக்கு மாறினான். அபிரா தரையைப் பார்த்துக்கொண்டு எனக்குச் சொன்னாள்.

"எம்பாரக் மாமா சாட்சிக்கு வரமாட்டன் எண்டிட்டாராம். அவர் பக்கத்திலை நில்லாமல், சம்மதமோ எண்ட கேள்விக்குத் தான் ஓம் சொல்ல மாட்டாராம். வேறை சாட்சி தேடச் சொல்ல வேண்டாமாம். சனிக்கிழமைக்கு முதல் மாமா மனம் மாறாட்டில், கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாமாம்."

"எவ்வளவு காலத்துக்கு?" என்று ராசன் கேட்டார்.

சலேக் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினான்.

ராஜி எனக்குக் கோப்பி கொண்டுவந்து தந்தாள். "நீங்கள் ஒண்டும் யோசியாதேங்கோ மாமா," என்றாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு நித்திரை வந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை நான் தனியாகத் திராமனுக்கு ரெயில் ஏறினேன். எம்பாரக் அங்கேதான் இருக்கிறார். கூட வருகிறேன் என்று எல்லோரும் சொன்னார்கள். மன்னிப்புக் கேட்கப் போகிறவன் கூட்டத்தோடு போகக்கூடாது என்று மறுத்துவிட்டேன். ராஜி ஒரு பெட்டி நிறையப் பயத்தம் பணியாரம் தந்துவிட்டாள்.

நோர்வேக்காரர் முன்பின் தெரியாதவரோடு கதைக்கமாட்டார்கள் என்று ராசன் எச்சரித்திருந்தார். உண்மைதான். எதிரில் இருந்த மனிதர் ஜன்னலோடு மட்டும் உறவு வைத்திருந்தார். நான் பெட்டியைத் திறந்து ஒரு பணியாரத்தை நீட்டினேன். பயந்து பயந்து எடுத்தார், கடித்தார். அவ்வளவுதான், அணை உடைந்தது. தனக்கு மலையில் ஒரு குடிசை இருக்கிறதாம். மின்சாரம் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை, மலசலகூடம் வெளியே. விடுமுறைக்கு அங்கேதான் போவாராம். இப்படி ஒரு வசதிக்கு நீங்கள் காசு கொடுத்தா போகிறீர்கள் என்று கேட்டேன். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து முடிந்து பார்த்தால் திராமன் பின்னால் போய்விட்டது. மியோன்டாலன் என்ற தரிப்பில் அவரே என்னை இறக்கி, எதிர்ப்பக்கத்து மேடையைக் காட்டி, கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு ஓடி ஏறினார்.

திராமன் நிலையத்தில், வீட்டைக் காட்டுவதற்கென்று சலேக் காத்துநின்றான். எம்பாரக்கின் வீடு ஆற்றைப் பார்த்த ஐந்தாம் மாடி. அவர் பல்கனியில் கம்பளம் விரித்து, சிறிய அடுப்பொன்றில் கரி மூட்டி, தேநீர்ப் பாத்திரத்தோடு குந்தியிருந்தார். எழும்பவில்லை. இளவயதில் கியூபாவில் படித்தவர். ஆங்கிலம் ஸ்பானிய மூச்சோடு வந்தது.

"வாருங்கள் ஆசிரியரே. இன்றைக்கு நான் எந்த நாட்டுக்காரன்?"

ரெயிலில் நான் பாடமாக்கிய பேச்சு முழுவதும் மறந்துபோயிற்று. "நான் தெரிந்துகொண்டே பிழையாகச் சொன்னேன்," என்றேன். "கைதட்டல் கேட்டது. அதற்காகச் சொன்னேன். மன்னியுங்கள்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தெரியாமல் சொன்னேன் என்று சொல்வீர்கள், வெளியே அனுப்பலாம் என்று நினைத்திருந்தேன். இப்போது தேநீர் தரவேண்டி வந்துவிட்டது. இருங்கள்."

அவர்கள் தேநீர் மூன்று சுற்று. முதல் சுற்றுக் கசப்பு, போகப்போகச் சீனி ஏறும். உயரத் தூக்கி ஊற்றி, கிளாஸுக்குக் கிளாஸ் மாற்றி, நுரை பொங்கும் வரை விடமாட்டார். மூன்றும் முடியாமல் எழும்புவது மரியாதை இல்லை என்று சலேக் தன் அரைகுறை ஆங்கிலத்தில் காதுக்குள் சொன்னான். என் வயதில் சிறுநீர்ப்பை மரியாதை பார்க்காது. நான் காலை மாற்றி மாற்றி மடித்தேன்.

கீழ் மாடியில் இருந்து ஒரு பெண்குரல் கேட்டது. சலேக் எனக்கு மொழிபெயர்த்தான். "எம்பாரக்! திரும்பவும் நெருப்பா?"

"நெருப்பு இல்லை, தேநீர்!"

"போன தடவையும் இதையேதான் சொன்னாய்!"

"போன தடவையும் தேநீர்தான்!"

முதல் கிளாஸ் முடிந்ததும் எம்பாரக் பாடம் தொடங்கினார். பல்கனிக் கம்பிக்கு அப்பால் ஓடுகிற ஆறு அத்திலாந்திக். கம்பி ஓரத்தில் ஒரு சீனிக்கட்டியை வைத்தார், அது தக்லா. இடுக்கியால் கரித்துண்டுகளை வரிசையாக எடுத்துத் தட்டில் வைத்தார், அது சுவர். பிறகு என் பெட்டியைத் திறந்து, பயத்தம் பணியாரங்களைக் கதவோரம் இருந்த பூச்சாடிக்குப் பக்கத்தில் அடுக்கினார்.

"இது அல்ஜீரியா. இவை முகாம்கள். ஒவ்வொரு முகாமுக்கும் நாங்கள் விட்டுவந்த ஊர் ஒன்றின் பெயர். இதோ, இந்தப் பணியாரத்துக்கும் தக்லா என்றுதான் பெயர். மாகாணம், மாவட்டம், எல்லாம் உண்டு. கரையில் இருக்கும் தக்லாவுக்கு மொரோக்கோத் தலைநகர் ரபாத்தில் இருந்து ஓர் ஆளுநர் வருவார். துறைமுகம், மீன், ஹோட்டல், காற்றாடியைப் பிடித்துக்கொண்டு அலையில் வழுக்கும் ஐரோப்பியர், எல்லாம் அவர் பொறுப்பு. மணலில் இருக்கும் தக்லாவுக்கு எங்கள் ஆளுநர். தண்ணீர் லொறி, பாடசாலை, மருந்து, ஆடு. நான் அவருக்கு உதவியாளனாக இருந்தேன். என் மேசைக்கு மேலே துறைமுகத்தின் படம். மேசைக்கு முன்னால் ஆட்டுப்பட்டிக்கு இடம் கேட்டு ஆட்கள். கடல் இல்லாத கடற்கரை மாகாணத்தை ஆள்வது எப்படி என்று உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்றேன்.

அவர் கை அந்தரத்தில் நின்றது.

நான் எங்கள் பள்ளிக்கூடத்தைச் சொன்னேன். பெயர்ப்பலகையைச் சொன்னேன். கடலைக் கண்டிராத பிள்ளைகள் "சேர், எங்கடை பள்ளிக்கூடத்துக்குக் கடல் எந்தப் பக்கம்?" என்று கேட்டதையும், நான் வடக்குச் சுவரைக் காட்டியதையும் சொன்னேன்.

எம்பாரக் இரண்டாவது கிளாஸை ஊற்றினார். "எத்தனை வருடம்?"

"இருபத்தைந்துக்குக் கிட்ட."

"சின்னப் பிள்ளைகள்! எங்களுக்கு ஐம்பது."

எனக்கு ரோசம் வந்தது. "ஐம்பது சரி. உங்களுக்குக் கூடாரமாவது சொந்தம். எங்களுடையது மற்றவன் பள்ளியின் பின்வளவில் ஓலைக் கொட்டில். அவர்கள் பிள்ளைகள் வீட்டுக்குப் போனபிறகு, பின்னேரம்தான் எங்களுக்கு மணி அடிக்கும்."

அவர் யோசித்தார். "அது மோசம்," என்று ஒத்துக்கொண்டார். "ஆனால் உங்களுக்கு மழை இருந்தது."

"மழை இருந்தது. கொட்டிலுக்கு உள்ளேயும் இருந்தது."

அவர் சிரிக்கத் தொடங்கினார். நுரை மீசையில் ஒட்டிக்கொண்டது. எனக்கும் அடக்க முடியவில்லை. இரண்டு கிழவர்கள் பல்கனியில் உருண்டு சிரிக்கிறோம், கீழே அந்தப் பெண் கதவை அடித்துச் சாத்துகிறாள், சலேக் யாருக்கும் விளங்காத முகத்தோடு எங்களைப் பார்க்கிறான். அந்த வேகத்தில் எம்பாரக் முகாம்களில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுவிட்டார். "நல்ல ருசி," என்றார். "ஆனால் சீனி காணாது."

மூன்றாவது கிளாஸோடு நிபந்தனை வந்தது. "சனிக்கிழமை வருவேன். ஆனால் ஒன்று. அதே ஒலிவாங்கி, அதே ஆட்கள். என் ஊர் எங்கே இருக்கிறது என்று சரியாகச் சொல்லவேண்டும். நான் பக்கத்தில் நிற்பேன். பிழைவிட்டால் திருத்துவேன்."

"இரண்டு நிமிடம்தான் தருவார்கள்."

"ஐம்பது வருடத்துக்கா?"

நான் சம்மதித்துவிட்டு, கழிப்பறை எங்கே என்று கேட்டேன். அன்று அந்த வீட்டில் நான் கேட்ட மிக அவசரமான புவியியல் கேள்வி அதுதான்.

மிச்ச நாட்கள் ஓட்டமாக ஓடின. ஸ்டோவ்னர் கடைத்தொகுதியில் மாலைக்குப் பூ வாங்கினோம். நான் குசினியில் நின்று என் இரண்டு நிமிடத்தை ஒப்புவித்தேன். ராஜி சட்டியோடும் ராசன் சப்பாத்தோடும் நின்று கேட்டார்கள். "மாமா, இது கல்யாணம், சோதனை இல்லை," என்றார் ராசன். "எனக்குச் சோதனைதான்," என்றேன்.

சனிக்கிழமை ட்வெய்ட்டா மண்டபம் நிறைந்துவிட்டது. நகரசபையில் இருந்து கல்யாணம் செய்துவைக்கும் அம்மா வந்திருந்தார். கழுத்தில் கறுப்புச் சால்வை, கையில் கோப்பு. பின்னேரம் இன்னொரு கல்யாணம் இருக்கிறது, பிந்த முடியாது என்று வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டார். அபிராவும் சலேக்கும் மேடையின் ஒரு பக்கத்தில் நின்றார்கள். சலேக்கின் கண் வாசலிலேயே இருந்தது.

எம்பாரக் வந்தார். அதே நீல அங்கி, இந்த முறை மடிப்புக் குலையாமல். சலேக் பெருமூச்சு விட்டது எனக்கு இவ்வளவு தூரம் கேட்டது. ராஜி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எம்பாரக் யாரையும் பார்க்காமல் நேரே மேடையின் மறுகரைக்கு வந்து, எனக்கும் மைக்குக்கும் பக்கத்தில் காவலுக்கு நின்றார்.

"சார், சத்தியமா ரெண்டே நிமிஷம்," என்றார் கார்த்திக். "அந்த மேடம் வாட்சையே பாத்துட்டு இருக்காங்க."

நான் ஆங்கிலத்திலும் தமிழிலுமாகத் தொடங்கினேன். "சென்ற ஞாயிறு இதே இடத்தில் நின்று நான் உங்களுக்குப் பிழையாகச் சொன்னேன். எல்லை புள்ளிக்கோடு என்று தெரிந்தும் மறைத்தேன். எம்பாரக் ஐயாவிடம் உங்கள் எல்லோருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன். தக்லா மேற்குச் சகாராவின் கரையில் இருக்கிறது. அங்கே ஆட்சி நடத்துவது மொரோக்கோ. அது தங்கள் நாடு என்பவர்கள் சகாராவி மக்கள். வழக்கு இன்னும் தீரவில்லை. இவர்கள் அந்த ஊரின் பெயரைப் பாலைவனத்துக்கு எடுத்துக்கொண்டு போய், அங்கேயும் ஒரு தக்லாவை நடத்துகிறார்கள்."

எம்பாரக் தலையை ஆட்டினார். அங்கேயே நான் நிறுத்தியிருக்கலாம். "ஸ்பெயின் போனபின் வந்த மொரோக்கோ..." என்று ஒரு வரி கூட்டினேன்.

"பொறுங்கள்," என்றார் எம்பாரக். "தக்லாவுக்கு முதலில் வந்தது மௌரித்தேனியா."

"அது கொஞ்சக் காலம்தானே."

"கொஞ்சக் காலமா? அந்தக் கொஞ்சக் காலத்தில்தான் நாங்கள் ஓடினோம்!"

"சரி, முதலில் மௌரித்தேனியா. அப்படியானால் தென் எல்லை..."

"தென் எல்லை நேர்கோடு. நீங்கள் கையை வளைத்துக் காட்டுகிறீர்கள்."

"வளைவு கிழக்கில் வரும்."

"கிழக்கில் வளைவு வடக்கே வரும்! ஆசிரியரே, உங்கள் தேசப்படத்தை யார் அச்சடித்தது?"

சபையில் ஒரு அம்மா, "தம்பிமார், சோறு ஆறுது!" என்று கத்தினார். கார்த்திக் மைக்கை நிறுத்திவிட்டார். நாங்கள் கவனிக்கவில்லை. எங்களுக்கு மைக் தேவைப்படாத கட்டம் வந்திருந்தது. எம்பாரக் என் சால்வையைப் பிடித்து இழுத்து அதைக் கடற்கரை ஆக்கினார். நான் அவருடைய அங்கியின் மடிப்பைச் சுவர் ஆக்கினேன். அந்தச் சமயம் மண்டபம் அதிரக் கைதட்டல் எழுந்தது. சபைக்கு விஷயம் விளங்கிவிட்டது என்று எனக்கு ஒரே புளகாங்கிதம். இருவரும் சபையைப் பார்த்து, நான் கை கூப்பி, அவர் நெஞ்சில் கை வைத்து, வணங்கினோம்.

சபை எங்களைப் பார்க்கவில்லை. மேடையின் மற்றப் பக்கத்தைப் பார்த்தது. திரும்பினோம். அபிராவின் கழுத்தில் மாலை, சலேக்கின் கழுத்தில் மாலை. நகரசபை அம்மா கோப்பை மூடிக்கொண்டிருந்தார்.

மூடிய கையோடு அவர் எங்களிடம் ஏதோ கேட்டார். அபிரா சிரிப்பை அடக்க முடியாமல் மொழிபெயர்த்தாள். "தாத்தா, சாட்சியள் இரண்டு பேரும் கண்டனீங்கள்தானே, கேட்டனீங்கள்தானே எண்டு கேக்கிறா."

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அம்மா தன் அடுத்த கல்யாணத்துக்குப் போயிருப்பார், எல்லோரும் சாப்பிட்டிருப்பார்கள். எம்பாரக் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"இல்லைப் பிள்ளை," என்றேன். "நான் காணேல்லை. கேக்கவும் இல்லை."

"நானும் இல்லை," என்றார் எம்பாரக்.

அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கோப்பைத் திறந்தார். பிள்ளைகள் மாலையோடு திரும்பவும் எதிரெதிராக நின்றார்கள். கார்த்திக் எங்கள் இருவரையும் ஆளுக்கொரு கையில் பிடித்துக் கொண்டுபோய் அவர்களுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அம்மா முதலில் அபிராவைக் கேட்டார், பிறகு சலேக்கைக் கேட்டார். ஒருத்தி "யா" என்றாள். ஒருவன், தன் மாமனை ஒரு தடவை பார்த்துவிட்டு, "யா" என்றான். இரண்டையும் நான் கேட்டேன். எம்பாரக்கும் நானும் அவ்வளவு நேரமும் வாயைத் திறக்கவில்லை.